பின்னறைக்குக் கீழே

எங்கள் வீட்டின் பின்னறை ஒரு காலத்தில் ஆட்டுக் கொட்டிலாக இருந்தது. ஜேர்மனியில் ரூர் ஆற்றுப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இந்தத் தெருவில் உள்ளவை எல்லாம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கென்று கட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஓர் ஆடும் நாலு கோழியும் நிற்க இடம் விட்டிருந்தார்கள். எங்களுக்கு முன் இருந்தவர்கள் கொட்டிலை அறையாக்கி, பக்கத்தில் குளியலறையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டின் முன்பாதிக்குக் கீழே கெல்லர் என்கிற நிலவறை இருக்கிறது. நிமிர்ந்து நிற்கலாம், சாமான் வைக்கலாம். பின்னறைக்குக் கீழே அப்படி ஒன்றும் இல்லை. மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்த தரை. அதற்குக் கீழே ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வெறும் வெளி. அதற்கும் கீழே மண். டொச் மொழியில் அதற்கு வைத்திருக்கிற பெயரே தவழுகிற நிலவறை என்றுதான் பொருள்படும். சுவரின் அடியில் நாலு இடத்தில் கையகல ஓட்டை விட்டு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். மாரிகாலத்தில் அந்த அறைக்குள் போனால் இரண்டு சோடி காலுறை போட்டாலும் குளிர் உள்ளங்காலைப் பிடிக்கும். மூலையில் பூஞ்சணம் மணக்கும். நாங்கள் அரிசி மூட்டையையும் வெங்காயத்தையும் அங்கே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். இருபது வருடமும் அப்படியே போயிற்று.

ஒரு ஐப்பசியில் என் கணவர் பஸ் நிறுத்தத்தில் ஈரச் சருகில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. சத்திரசிகிச்சை செய்து, நடக்கப் பழக்கி எழுப்பிவிட்டார்கள். ஆனால் மாடிப்படி ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மாடிப்படி ஏணி மாதிரி. படுக்கையறை மேலே. கீழே கட்டில் போடக்கூடிய இடம் என்றால் பின்னறை ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பெண் வீட்டைப் பார்க்க வந்தார். மகளும் பிறெமன் நகரில் இருந்து வந்து நின்றாள். அந்தப் பெண் பின்னறைத் தரையில் கையை வைத்துப் பார்த்தார். மூலையில் குனிந்து மணந்து பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ சொன்னார். மகள் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"அம்மா, அப்பான்ரை நெஞ்சுக்கு இந்த ஈரம் சரிவராதாம். அறை காஞ்சு, சூடா இருந்தால் வரலாமாம். இப்பிடியே எண்டால் விடமாட்டினமாம்."

அவர் இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். எனக்கு அது தெரியும். ஆனால் நான் அந்தச் சொல்லில் 'வரலாம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அறை காய்ந்தால் வரலாம். அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் வேலை.

தை மாதம் அவரை முதியோர் இருக்கிற ஹைமில் கொண்டுபோய் விட்டோம். தற்காலிகமாக என்று.

ஹைம் என்ற சொல் எங்கள் ஆட்களுக்குப் பழையது. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி வந்த காலத்தில், விசா இல்லாதவர்களை எல்லாம் வைத்திருந்த இடத்துக்கும் ஹைம் என்றுதான் பெயர். ஒரு அறையில் இரண்டு குடும்பம். ஒரு சமையலறையில் எட்டு மொழி. எங்கள் மகள் பிறந்ததே ஹைமில்தான். அங்கே நாலு வருடம் இருந்தோம். அந்த நாலு வருடமும் அவர் தன் உடுப்பை அலுமாரியில் வைக்கவில்லை. பெட்டியிலேயே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அலுமாரியிலை வைச்சால் பிறகு எழும்ப ஏலாதப்பா" என்றார்.

இந்த ஹைமிலும் அப்படித்தான். நல்ல அறை, வெயில் படுகிற ஜன்னல், வெள்ளை அலுமாரி. நான் சட்டைகளைக் கொழுவப் போனேன்.

"விடும். பையிலை கிடக்கட்டும். ரெண்டு மாசத்துக்கு ஆர் விரிச்சு மடிக்கிறது?"

பை கட்டிலுக்குக் கீழே போயிற்று.

பங்குனியில் மகள் தெர்மின், அதுதான் வருவதற்கு நாளும் நேரமும், எடுத்து ஒரு தச்சரை வரச் செய்தாள். அறுபது வயது இருக்கும். நல்ல உயரம், அதைவிட நல்ல வயிறு. கெல்லர்ச் சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, பின்னறைக்குக் கீழே தலையை விட்டார். தலையும் தோளும் போயிற்று. வயிறு போகவில்லை. பின்னுக்கு வந்து சிரித்தார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு தரம் போனார். கொஞ்ச நேரம் அவருடைய சப்பாத்து மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டு ஊசி நீட்டிய ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார். மரத்தில் குத்தினால் எவ்வளவு ஈரம் என்று இலக்கம் காட்டும். இருபத்திரண்டு காட்டியது. இருபதுக்குக் கீழே வந்தால்தான் அடைக்கலாம், ஈரத்தோடு அடைத்தால் மரம் உள்ளே உக்கிப்போகும் என்றார். முதலில் கீழே கிடக்கிற குப்பையை அள்ள வேண்டும், மண்ணின் ஈரம் மேலே வராமல் தடித்த பொலித்தீன் விரிக்க வேண்டும், மரம் காய இரண்டு மாதம் விட வேண்டும், பிறகு சட்டங்களுக்கு இடையில் மரநாரால் செய்த மெத்தைகளை வைத்து அடைத்து, கீழே பலகை அடிக்க வேண்டும். ஆனியில் முடிந்துவிடும். மகள் ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னாள். நான் ஆனி என்பதை ஹைமுக்குப் போய் அவருக்குச் சொன்னேன்.

"ஆனியோ? அப்ப செரிப் பழத்துக்கு வந்திடுவன்" என்றார்.

குப்பை அள்ளியதில் முக்கால்வாசி நான்தான் அள்ளினேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் சின்ன ஆள். தச்சருடைய வயிறு போகாத இடத்துக்கு எனக்கு லேசாகப் போக வந்தது. செங்கல் உடைசல், கரித்தூள், ஆடு கட்டிய சங்கிலித் துண்டு, ஒரு பிள்ளையின் மரச் செருப்பு. எல்லாவற்றையும் வாளியில் போட்டுத் தள்ளினேன், அவர் கதவடியில் இருந்து இழுத்தார். என்னை அவர் 'யுங்க ஃப்ராவ்' என்று கூப்பிடுவார். இளம் பெண்ணே என்று அர்த்தம். இங்கே வயது போன பெண்களைப் பகிடிக்கு அப்படிக் கூப்பிடுவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். வெளியே என்றால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. அந்த இருட்டுக்குள் அது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் பொலித்தீன் விரித்து முடித்தோம். அன்று மகள் இல்லை. தச்சர் தோட்டத்துப் பக்கம் என்னைக் கூட்டிப்போய், சுவரின் அடியில் இருந்த அந்த நாலு ஓட்டைக்கும் தான் செய்து போட்ட மூடிகளைக் காட்டினார். காதுவைத்த மரையைத் திருகினால் மூடி கழரும், திருப்பித் திருகினால் இறுகும். அப்படிச் செய்து காட்டிக்கொண்டு நீளமாகக் கதைத்தார்.

எனக்கு டொச் தெரியாது என்று இல்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் நின்றிருக்கிறேன். சொற்கள் தெரியும். வேகமாக வந்தால் அவற்றில் இரண்டொன்றுதான் கையில் நிற்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், திருப்பிக் கேட்கவும் கூச்சம். வெளி வேலை எல்லாவற்றுக்கும் என் கணவர்தான் கதைப்பார், நான் பின்னால் நிற்பேன். அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது இரண்டு சொல். 'சொம்மர்', கோடை. 'லுஃப்ட்', காற்று.

நான் "யா, யா" என்றேன்.

நாங்கள் ஒருவர் கதைக்கும்போது ஓம், ஓம் என்போம். ஒத்துக்கொண்டோம் என்பதல்ல அதன் கருத்து. கேட்டுக்கொண்டு நிற்கிறோம், நீங்கள் சொல்லுங்கோ என்பதுதான். நான் சொன்ன யாவும் அந்த ஓம்தான். அவர் அதை விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். தலையாட்டிவிட்டு வாகனத்தில் ஏறிப் போனார்.

கோடை, காற்று. அதை நான் என் பாட்டில் பொருத்திக்கொண்டேன். கோடையில் காற்றுப் பட விட வேண்டும். இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் எடுத்தார் என்றும் நினைத்தேன். நான் கடற்கரைப் பிள்ளை. வாடியில் பாயில் பரப்பிய மீன் காற்றும் வெயிலும் பட்டுத்தான் கருவாடு ஆகும். பிறகு துணி வெளுக்கிற இடத்திலும் அதே கதைதான். காற்றுப் பட்டும் காயாத ஒரு பொருளை நான் என் ஆயுளில் காணவில்லை.

அடுத்த நாள் காலையில் இருந்து தொடங்கினேன். விடிந்ததும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு நாலு மூடியையும் கழற்றுவேன். வெயில் சாய்ந்ததும் எலி, பூனை போகக்கூடாது என்று திரும்பப் போட்டு இறுக்குவேன். அந்த வைகாசி முழுக்கப் புழுக்கமும் இடைக்கிடை மழையுமாக இருந்தது. புழுக்கம் கூடக்கூட எனக்குச் சந்தோசம். இந்தச் சூட்டுக்கு மரம் நன்றாய்க் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். மூடிகளைக் கழற்றிவிட்டு இரண்டு பஸ் மாறி ஹைமுக்குப் போவேன்.

"கெல்லர் என்ன மாதிரி?" அதுதான் அவருடைய முதல் கேள்வி. என்ன கொண்டுவந்தீர் என்றுகூடக் கேட்கமாட்டார்.

"நல்லாக் காயுது. ஒவ்வொரு நாளும் காத்துப் பட விடுறன்."

"நீர் கெட்டிக்காரி."

ஆனி முதல் கிழமை தச்சர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். நான் அப்போது மூடிகளைத் திறந்திருக்கவில்லை. உள்ளே போய் மரத்தில் குத்தினார். வெளியே வந்தபோது அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. இருபத்தாறு.

எங்கேயோ தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று நினைத்தார். குழாய் வேலை செய்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார். குளியலறைச் சுவரை உடைத்துப் பார்த்தார்கள். குழாய் புதுசு போல இருந்தது. கூரைத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். இல்லை. பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆனி போய் ஆடி வந்தது. இவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போன பிறகு நான் ஓட்டைகளைத் திறந்துகொண்டிருந்தேன். இன்னும் காய வேண்டும் என்று இப்போது நேரத்தோடேயே திறந்தேன்.

ஹைமில் அவர் பொறுமை இழந்துகொண்டிருந்தார்.

"இன்னும் காயேல்லையாம்" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"தச்சர்தான்."

"நான் இஞ்சை காஞ்சு கருவாடாப் போறன், அவன்ரை மரம் காயேல்லையாமோ? வெள்ளைக்காரன் சொன்ன நேரத்துக்கு வேலை முடிப்பான் எண்டு எங்களுக்கு ஆர் சொன்னவை?"

ஆவணி நடுவில் ஒரு மத்தியானம் தச்சர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். விட்டுப்போன அளவுகோல் ஒன்றை எடுக்க வந்தாராம். தோட்டத்துப் பக்கமாக நடந்தவர் அப்படியே நின்றார். நாலு ஓட்டையும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மூடிகள் பக்கத்தில் புல்லில் அடுக்கியிருந்தன. நானே கழுவித் துடைத்து அடுக்கியவை.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருக்கும். ஒவ்வொரு நாளுமா என்று கையால் கேட்டார். "யா" என்றேன். இந்த முறை அது உண்மையான யா.

அவர் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்தார். வெயிலில், தோட்டத்து மேசையில் வைத்தார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் போத்தல் முழுக்க முத்து முத்தாய் வியர்த்தது. ஒரு துளி வழிந்து மேசைக்கு வந்தது. அவர் போத்தலைக் காட்டி, பிறகு குனிந்து அந்த ஓட்டையைக் காட்டி, "கெல்லர்" என்றார்.

வேறு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. கீழே எந்தக் கோடையிலும் குளிர். வெளியே இருந்து போன சூட்டுக் காற்று, அந்தக் குளிர்ந்த மரத்தில் பட்டுத் தண்ணீராய் இறங்கியிருக்கிறது. நான் காய வைக்கவில்லை. மூன்றரை மாதமாக ஒவ்வொரு காலையும் நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். கோடையில் காற்றுப் போகாமல் மூடி வை என்றுதான் அன்றைக்கு அவர் சொல்லியிருக்கிறார்.

நான் மேசையடியில் இருந்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, அந்தப் போத்தலைத் திறந்து எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றித் தந்தார்.

அதற்குப் பிறகு, காற்றில் இருந்து தண்ணீரைப் பிடிக்கிற மெசின் ஒன்றைக் கொண்டுவந்து கீழே வைத்தார். அது இரவு பகலாக உறுமும். காலையில் அதன் வாளியை இழுத்து எடுத்து ஊற்றுவேன். முதல் கிழமைகளில் வாளி நிரம்பி வழிந்தது. நான் உள்ளே விட்ட தண்ணீரை நானே தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன். மரத்தில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடித்திருந்தது. இரண்டு சட்டங்களை மாற்றத்தான் வேண்டும் என்றார் தச்சர். மற்றவற்றை உரஞ்சித் துடைத்தால் போதுமாம்.

நான் மகளுக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. தச்சர் மகளோடு ஃபோனில் கதைக்கும்போது என்னைப் பார்ப்பார். நான் தலையைக் குனிவேன். ஈரமான வருடம் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவளும் அதை நம்பினாள்.

கார்த்திகையில் ஒரு நாள் ஹைமுக்குப் போனேன். கட்டிலுக்குக் கீழே பை இல்லை. தோய்த்துக் கொண்டுபோன சட்டையை எங்கே வைப்பது என்று பார்க்கையில் அலுமாரி கொஞ்சம் திறந்திருந்தது. ஐந்து சட்டையும் வரிசையாய்க் கொழுவியிருந்தன. கீழ்த் தட்டில் காலுறைகள் சுருட்டி வைத்திருந்தன.

"ஆர் இதெல்லாம் அடுக்கினது? நேர்ஸோ?"

"நான்தான்."

"ஏனப்பா?"

"பைக்குள்ளை கசங்கிப் போகுது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீர் ஒவ்வொரு நாளும் வர வேண்டாம். குளிருக்குள்ளை ரெண்டு பஸ் ஏறி இறங்கி, என்னத்துக்கு? கிழமைக்கு ரெண்டு தரம் வந்தால் காணும்."

கெல்லரைப் பற்றி அவர் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்காமல் விட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். கடைசி நிறுத்தத்தில் சாரதி எழுந்து வந்து என்னைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாளில் இருந்து நானே கீழே போனேன். தச்சர் அடுத்த கிழமைதான் உரஞ்ச வருவதாய் இருந்தார். எனக்கு ஒரு கிழமை என்பது அந்த நேரம் பெரிய கணக்கு. மகள் வாங்கித் தந்த விளக்கைத் தலையில் கட்டி, மூக்குக்கு மறைப்புப் போட்டு, தும்புத் தூரிகையும் சீலைத் துண்டும் எடுத்துக்கொண்டு தவழ்ந்தேன். மல்லாந்து படுத்துக்கொண்டுதான் மரத்தின் அடியைத் துடைக்க முடியும். தூசி கண்ணில் விழும். கை ஓய்ந்தால் அப்படியே கிடப்பேன்.

ஒரு நாள் அப்படிக் கிடக்கையில், நான் எங்கே கிடக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் அந்தப் பக்கம். கதவு இந்தப் பக்கம். எனக்கு நேரே மேலேதான் அவருடைய கட்டில் வரப்போகிறது. தலைமாடு என்னுடைய தலைக்கு நேரே. பலகையில் கையை வைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் ஒரு அறையில் படுக்கவில்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு இடைவெளி வந்ததில்லை. அவருடைய குறட்டைக்கு நான் எத்தனை தரம் கோபித்திருப்பேன். அங்கே மண்ணுக்கு மேல் கிடந்துகொண்டு நான் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். மெசின்தான் உறுமியது.

அங்கே கிடந்துதான் நான் அவருக்கு உண்மையைச் சொல்லிப் பழகினேன். இஞ்சேருங்கோ, தச்சரில்லை, நான்தான். இஞ்சேருங்கோ, எனக்கு விளங்கேல்லை, விளங்கினமாதிரி நிண்டிட்டன். மரத்துக்குச் சொல்வது சுலபம். ஹைமுக்குப் போனால் வாய் வராது. பிந்துவதற்கு நான் காரணம் என்று தெரிந்தால், அவர் அந்த அலுமாரியில் இருந்து உடுப்பைத் திரும்ப எடுக்கவே மாட்டார் என்று பயம்.

மார்கழி தொடங்கியபோது தச்சர் வந்து குத்திப் பார்த்தார். பத்தொன்பது. மற்ற மூலையில் பதினெட்டு. நான் துடைத்த சட்டங்களை விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "யுங்க ஃப்ராவ்" என்று மட்டும் சொன்னார். பகிடியாகச் சொல்லவில்லை.

மரநார் மெத்தைகள் ரஸ்க் மணம் மணந்தன. இரண்டு சட்டத்துக்கு இடையே உள்ள அகலத்தைவிட ஒரு விரல் கூட வைத்து வெட்ட வேண்டும். அமத்தி விட்டால் ஆணியில்லாமல் தானே இறுகி நிற்கும். தச்சர் கதவடியில் இருந்து வெட்டித் தந்தார். நான் தூரத்து மூலைகளுக்குக் கொண்டுபோய் முழங்கையால் அமத்தினேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் அவர் எப்படியோ தன் வயிற்றையும் உள்ளே கொண்டுவந்து கீழ்ப்பலகையை அடித்தார். நான் ஒரு பக்கம் தோளால் தாங்கினேன். கடைசிப் பலகை போனதும் மேலே இருந்து வந்த வெளிச்சக் கீறுகள் எல்லாம் அணைந்துபோயின.

தை நடுவில் அந்த ஆஸ்பத்திரிப் பெண் திரும்ப வந்து தரையைத் தொட்டுப் பார்த்தார், மூலையை மணந்து பார்த்தார். இந்த முறை மகள் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அவர் சிரித்தார்.

ஹைமில் இருந்து என் கணவரைக் கொண்டுவந்த அன்று வெளியே பனி. வாகனத்தில் இருந்து இறக்கி, நடைவண்டியைப் பிடித்து மெல்ல மெல்லப் பின்னறைக்கு வந்து கட்டிலில் இருந்தார். சுற்றிவரப் பார்த்தார்.

"இதுதானே எங்கடை வெங்காய அறை?"

"ஓம்."

"இந்தக் காலுறையைக் கழட்டிவிடும்."

கழற்றிவிட்டேன். வெறுங்காலைத் தரையில் வைத்தார். பெருவிரலை அசைத்தார். இரண்டு காலையும் அப்படியே வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். நான் சோறு போடப் போய்விட்டேன். நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

மாசியில் தச்சர் கடைசித் தரமாக அளந்து பார்க்க வந்தார். எல்லாம் சரி. கோப்பி குடிக்க இருத்தினேன். அவருக்கும் இவருக்கும் அதுதான் முதல் சந்திப்பு. இவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு தன்னுடைய நல்ல டொச்சில் தொடங்கினார். வேலை நல்ல வேலை, சந்தோசம் என்றார். பிறகு, ஆனி என்று சொல்லித் தை ஆக்கினீர்கள், ஏழு மாதம் என்னை அங்கே வைத்திருந்தீர்கள், எங்கள் ஊர் மேசன்மாரை இனி நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த ஏழு மாதத்தைச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

தச்சர் என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டு, மரத்துக்குக் காலம் எடுக்கும் என்றார். அவ்வளவுதான். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கோப்பியைக் குடித்தார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கோப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் வாயைத் திறந்தேன்.

"இஷ்" என்றேன். நான். "இஷ் அவுஃப்மாஹன். சொம்மர். நிஷ்ட் ஏர்." நான் திறந்தது. கோடையில். அவர் இல்லை.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு நான் தமிழுக்கு மாறி, பழகி வைத்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவருக்குச் சொன்னேன். ஓட்டைகளை, யா என்றதை, போத்தல் வியர்த்ததை. தச்சருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

இவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார்.

"அப்ப உமக்கு டொச் வரும்" என்றார். "நாப்பது வருஷமா என்னைக் கத்தவிட்டிட்டுப் பின்னாலை நிண்டிருக்கிறீர்."

"பகிடி விடாதையுங்கோ."

"பகிடியில்லை. இனி ஃபோன் வந்தால் நீர் எடும். சொல்லுக்கு என்ன பஞ்சமே? வருமெல்லே?"

தச்சர் போன பிறகு, அவர் ஜன்னலால் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி உருகிக் கறுத்துக் கிடந்தது.

"கோவமே?" என்று கேட்டேன்.

"கோவிச்சு என்ன செய்யிறது?" பிறகு, "போன கோடை உதிலை கதிரையைப் போட்டு இருந்திருப்பன், என்ன?" என்றார். என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தக் கதிரையும் வெயிலும் கண்ணுக்குத் தெரிந்தன, அவ்வளவுதான். "சரி விடும். வாற கோடை இருப்பம்."

அதற்குப் பிறகு அவர் எனக்காக ஒரு சொல்லும் டொச் கதைக்கவில்லை. தபால்காரர் மணி அடித்தால், "போம், உம்மடை ஆள் வந்திருக்கிறான்" என்பார். மருந்துக்கடைக்கு ஃபோன் எடுக்க வைத்துவிட்டு, நான் உளறுவதைக் கேட்டுக் கட்டில் ஆட ஆடச் சிரிப்பார். நான் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டில் போட்டுப் படுத்தேன். அவர் குறட்டை விட்டார். நான் கோபிக்கவில்லை.

வைகாசி முதல் கிழமை நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலாம் நாள் போய்விட்டார். தை நடுவில் இருந்து வைகாசி முதல் வரை. அவ்வளவு நாள்தான் அவர் அந்த அறையில் இருந்தார். அறையின் சூடு காரணம் இல்லை, ஈரம் காரணம் இல்லை என்று டொக்டர் சொன்னார். வயதும் ஆலையும்தான் காரணமாம். இப்போது மகளுக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். அவளும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாள்.

"அப்பா உங்களோடை கோவிக்கேல்லைத்தானே அம்மா? பிறகேன் அதையே நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?"

அவர் கோபிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அவர் மன்னித்தாரா இல்லையா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்கு வேண்டியது அது இல்லை, பிள்ளை. எனக்கு வேண்டியது அந்த ஆனி. அந்த ஆடி, ஆவணி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கதிரையில் தலை சாய்ந்து நித்திரையாகி, வெயில் முகத்துக்கு வர, நான் போய்க் கதிரையைக் கொஞ்சம் இழுத்து நிழலுக்குள் விட்டிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். வேறொன்றும் பெரிதாய் நடந்திருக்காது.